தேர்தல் வந்தால் டீசல் விலை நிற்கிறது, முடிந்தால் ஓடுகிறது: இதற்கு ஒரு விதி வேண்டாமா?

நாமக்கல் லாரிக்காரன்

வணக்கம் நண்பர்களே. ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் விஷயம். இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

எனக்கு ஒரே லாரி, பன்னிரண்டு சக்கரம். நானே ஓட்டுகிறேன், கூட ஒரு தம்பி மாற்று டிரைவராக வருவான். சேலம் பக்கத்து மில்களில் ஜவ்வரிசி ஏற்றி இந்தூர் போவது, அங்கிருந்து பூண்டு ஏற்றித் திரும்புவது. இதுதான் பிழைப்பு.

2022 மார்ச் 21 ராத்திரி ஆத்தூர் பக்கம் லோடு ஏற்றினேன். உக்ரைன் போர் தொடங்கி ஒரு மாதம் ஆகப்போகிறது, கச்சா எண்ணெய் நூறு டாலரை எப்போதோ தாண்டியாயிற்று. ஆனால் பங்க்கில் டீசல் நவம்பரில் இருந்த அதே விலை. சென்னையில் 91.43, எங்கள் ஊரில் அதைவிடக் கொஞ்சம் கூட. நானும் அந்த விலையை வைத்தே வாடகை பேசி, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு விலை ஏறியது. அதற்கு மறுநாளும் ஏறியது. எழுபது பைசா, எண்பது பைசா என்று கிட்டத்தட்ட தினம் ஒரு ஏற்றம். ஏப்ரல் 6-ல் நின்றபோது சென்னையில் டீசல் 100.94. பதினாறு நாளில் ஒன்பதரை ரூபாய். எனக்குப் போய்வர எண்ணூறு லிட்டர் வேண்டும். வீட்டுக்கு வந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தால், பேசின கணக்கைவிட நாலாயிரத்துச் சொச்சம் கூடுதலாகப் போயிருக்கிறது. டியூ, டோல்கேட், பேட்டா எல்லாம் கழித்து அந்த டிரிப்பில் எனக்கென்று நிற்க வேண்டியதே ஆறாயிரம்தான்.

அதற்கு முன்னால் 137 நாள் விலை அசையவில்லை. அந்த 137 நாளில்தான் உத்தரப் பிரதேசம், பஞ்சாப், உத்தரகாண்ட், கோவா, மணிப்பூர் தேர்தல் எல்லாம் நடந்து முடிந்தது. முடிவு வந்தது மார்ச் 10. 2018-ல் கர்நாடகத் தேர்தலுக்கும் இதே கதை. ஏப்ரல் 24-ல் நின்ற விலை, மே 12 வாக்குப்பதிவு முடிந்து மே 14-ல் நகர ஆரம்பித்தது. 2021-ல் நம் ஊரிலும் மேற்கு வங்கத்திலும் தேர்தல். மே 2-ல் முடிவு, மே 4-ல் ஏற்றம்.

விலை ஏறக்கூடாது என்று நான் சொல்லவில்லை. உலகத்தில் ஏறினால் இங்கேயும் ஏறத்தான் செய்யும். ஏறும் நாள் எனக்கும் முன்கூட்டித் தெரிய வேண்டும், அவ்வளவுதான். 2017 ஜூன் 16 முதல் தினசரி விலை என்று அறிவித்தார்கள். தினசரி என்றால் தினசரியாக இருக்கட்டும். இல்லை, அரசுதான் முடிவு செய்கிறது என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லட்டும். இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது என்னைப் போன்ற ஒற்றை வண்டிக்காரன்.

பங்க் கணக்குப்பிள்ளை

அண்ணா, உங்கள் வலி புரிகிறது. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நடப்பதையும் கொஞ்சம் சொல்கிறேன். பதினோரு வருடமாக ஒரு பங்க்கில் கணக்கு எழுதுகிறேன்.

விலை நின்றால் வாடிக்கையாளருக்கு நிம்மதி என்று நினைப்போம். அந்த மார்ச்சில் என்ன நடந்தது தெரியுமா? சில்லறை விலையைத் தொடவில்லை, மொத்தமாக வாங்குபவர்களுக்கான டீசலை மட்டும் லிட்டருக்குச் சுமார் 25 ரூபாய் ஏற்றினார்கள். அதுவரை டேங்கரில் நேராக இறக்கிக்கொண்டிருந்த கம்பெனி, பஸ் முதலாளி எல்லாரும் பங்க்குக்கு வந்துவிட்டார்கள். கேரள அரசுப் பேருந்துக் கழகம் இந்த விலை வித்தியாசத்தை எதிர்த்து நீதிமன்றம் வரை போனது. தனியார் கம்பெனி பங்க்குகள் நஷ்டத்துக்கு விற்க முடியாமல் விற்பனையைச் சுருக்கிக்கொண்டன. எங்களுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் லோடு வந்தது. விலைப் பலகையில் எண் மாறவில்லை, டேங்கில் சரக்கும் இல்லை.

அப்புறம் 2021 தீபாவளி. அதை மறக்கவே முடியாது. பண்டிகைக்கு டெப்போ லீவு என்பதால் முதல் நாளே இரண்டு டேங்கையும் நிரப்பி வைத்தோம். நவம்பர் 3 ராத்திரி அறிவிப்பு வருகிறது: மத்திய அரசு வாங்கும் கலால் வரியில் பெட்ரோலுக்கு 5 ரூபாய் குறைப்பு, டீசலுக்கு 10 ரூபாய் குறைப்பு. நல்ல செய்திதான், ஊரே சந்தோஷப்பட்டது. ஆனால் நாங்கள் பழைய வரி கட்டி வாங்கின டீசல் இருபதாயிரம் லிட்டர் தரைக்கு அடியில் கிடக்கிறது. காலையில் குறைந்த விலைக்கு விற்க வேண்டும். ஒரே ராத்திரியில் இரண்டு லட்சம் போய்விட்டது. முதலாளி வாசலில் உட்கார்ந்து, டேங்கில் அளவு பார்க்கும் டிப் ராடைத் துடைத்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வருடம் பையன்களுக்குத் தீபாவளிப் பணம் பாதிதான் கிடைத்தது.

அந்தக் குறைப்புக்கு முந்தின நாள்தான் இடைத்தேர்தல் முடிவுகள் வந்திருந்தன. இமாச்சலில் ஆளுங்கட்சி ஒரு மக்களவைத் தொகுதியும் மூன்று சட்டமன்றத் தொகுதிகளும் தோற்றிருந்தது.

கோவை வரிதாரர்

இங்கே எல்லாரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தை நான் சொல்கிறேன். கோபப்படாதீர்கள்.

தேர்தல் நேரத்தில் விலையை நிறுத்தி வைப்பது மக்களுக்கு நல்லதுதானே? அந்த 137 நாளில் லாரிக்கார அண்ணனுக்கும் மலிவு டீசல் கிடைத்ததல்லவா? அது பேச்சிலேயே வரவில்லை. அடுத்தது, வரி ஏன் இவ்வளவு என்று கேட்கும்போது, முந்தைய ஆட்சி விலையைக் குறைத்துக் காட்ட வெளியிட்ட எண்ணெய்ப் பத்திரங்களை மறந்துவிடுகிறோம். 1.44 லட்சம் கோடி ரூபாய் என்று 2021 ஆகஸ்டில் நிதியமைச்சரே சொன்னார். அந்தக் கடனை அடுத்த ஆட்சிதானே கட்ட வேண்டியிருந்தது?

ஓய்வு பெற்ற பொருளியல் வாத்தியார்

தம்பி, நல்ல கேள்விகள். பத்திரத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்.

பத்திரம் வெளியிட்டது தவறு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2008 ஜூலையில் கச்சா எண்ணெய் 147 டாலரைத் தொட்டது. அடுத்த வருடம் மக்களவைத் தேர்தல். விலையை முழுதாக ஏற்றும் துணிச்சல் மன்மோகன் சிங் அரசுக்கு இல்லை. எண்ணெய் நிறுவனங்களின் நஷ்டத்துக்குப் பணமாகக் கொடுக்காமல் பத்திரமாகக் கொடுத்தார்கள். அன்றைய வாக்காளனுக்கு மலிவு விலை, நாளைய வரிதாரனுக்குக் கடன். இதுவும் தேர்தல் அரசியல்தான்.

ஆனால் பிற்கால வரிக்கு அதைக் காரணமாகச் சொன்னால் கணக்கு உதைக்கிறது. பத்திரங்களின் வட்டி வருடத்துக்குப் பத்தாயிரம் கோடி அளவு. 2021–22-ல் முதிர்ந்த அசல் இன்னொரு பத்தாயிரம் கோடி. பெட்ரோல், டீசல் கலாலில் மத்திய அரசுக்கு வந்தது 2020–21-ல் மட்டும் 3.7 லட்சம் கோடிக்கு மேல். இருபதாயிரம் கோடியைக் கட்டுவதற்கு இத்தனை வசூல் தேவையில்லை.

உண்மையான கதை 2014 நவம்பரில் தொடங்குகிறது. கச்சா எண்ணெய் சரிய ஆரம்பித்தது. 2014 ஜூனில் நூறு டாலருக்கு மேல் இருந்தது 2016 ஜனவரியில் முப்பதுக்குக் கீழே வந்தது. 2014 நவம்பரிலிருந்து பதினைந்து மாதத்தில் கலால் வரியை ஒன்பது முறை ஏற்றினார்கள். பெட்ரோலுக்கு 9.48 ரூபாயாக இருந்தது 21.48 ஆனது. டீசலுக்கு 3.56 ஆக இருந்தது 17.33 ஆனது. உலக விலை இறங்கியதில் பெரும்பகுதி பங்க்குக்கு வராமல் வரியாகவே நின்றுவிட்டது. யாரும் தெருவுக்கு வந்து போராடவில்லை, ஏனென்றால் பலகையில் எண் ஏறவில்லை. ஏறாத விலைக்கு எதிராகக் கூட்டம் சேராது. ஆட்சியில் இருக்கும் எல்லாருக்கும் இது தெரியும்.

2020 கொரோனாவில் மறுபடியும் அதே வேலை. மார்ச்சில் 3 ரூபாய், மே மாதம் பெட்ரோலுக்கு 10, டீசலுக்கு 13. பெட்ரோல் கலால் 32.98 ஆனது. பிறகு எண்ணெய் ஏறியபோது அந்த வரி அப்படியே உட்கார்ந்திருந்ததால், 2021 ஜூலையில் சென்னையிலும் பெட்ரோல் நூறைத் தாண்டியது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2021 பிப்ரவரிக்குப் பிறகு ஒரு லிட்டர் பெட்ரோலில் மத்திய அரசு எடுத்த 32.90 ரூபாயில், மாநிலங்களோடு பகிர வேண்டிய அடிப்படைக் கலால் வெறும் 1.40 ரூபாய். மீதி எல்லாம் மாநிலங்களோடு பகிர வேண்டாத செஸ், கூடுதல் தீர்வை. நிதிக்குழு 41 சதவீதம் என்கிறதே, அது அந்த ஒன்றரை ரூபாய்கூட வராத தொகையில்தான். எனவே மாநிலங்களும் தங்கள் வாட் வரியை விடாமல் பிடித்துக்கொண்டன. நம் மாநிலமும் சுத்தம் இல்லை. 2020 மே மாதம் இங்கே சதவீத வரியை மாற்றி, பெட்ரோலுக்கு 15 சதவீதமும் லிட்டருக்கு 13.02 ரூபாயும் என்று ஆக்கினார்கள். உலக விலை இறங்கினாலும் மாநில வருமானம் இறங்காதபடி ஒரு ஏற்பாடு. 2021 ஆகஸ்டில் புதிய அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. தேர்தல் வாக்குறுதியில் இருந்தது 5 ரூபாய், டீசலுக்கு 4.

2022 ஏப்ரல் 27-ல் முதலமைச்சர்கள் கூட்டத்தில் பிரதமர் வாட் குறைக்காத மாநிலங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டார், தமிழ்நாடும் அதில் ஒன்று. இங்கிருந்து செஸ் கணக்கைக் காட்டிப் பதில் போனது. லிட்டருக்கு நூற்றுப்பத்து ரூபாய் கொடுத்தவன் இந்தச் சண்டையை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

மதுரை இட்லிக்கடை அக்கா

டீசலைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். சிலிண்டரைக் கொஞ்சம் பாருங்கள்.

என் கடையில் இரண்டு கமர்ஷியல் சிலிண்டர் ஓடும், பத்தொன்பது கிலோ. வீட்டில் ஒன்று, பதினாலு கிலோ சொச்சம். இரண்டிலும் ஒரே கேஸ். கமர்ஷியல் விலை மாதம் ஒன்றாம் தேதி தவறாமல் மாறும். 2021 நவம்பர் 1-ல் ஒரே அடியாக 266 ரூபாய் ஏறியது, சென்னையில் இரண்டாயிரத்து நூறைத் தாண்டியது. அன்றைக்கு வீட்டுச் சிலிண்டர் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் என் கடைக்கு மட்டும் ஏற்றம்.

யோசித்துப் பார்த்தேன். வீட்டுச் சிலிண்டருக்குப் பின்னால் ஓட்டு இருக்கிறது, கடைச் சிலிண்டருக்குப் பின்னால் இல்லை. ஆனால் கடையில் சாப்பிடுவது யார்? கட்டட வேலைக்கு வந்த பையன்கள், அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள், சமைக்க ஆள் இல்லாத தாத்தா ஒருவர். அவர்களும் ஓட்டுப் போடுகிறவர்கள்தான். நான் இட்லிக்கு இரண்டு ரூபாய் ஏற்றினால் என்னைத்தான் திட்டுவார்கள், என் மேல்தான் கோபம் விழும்.

வீட்டுச் சிலிண்டருக்கும் காலண்டர் உண்டு. 2023 ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைப்பு, 2024 மார்ச் 8 மகளிர் தினத்தன்று 100 ரூபாய் குறைப்பு. சென்னையில் 1,118.50-லிருந்து 818.50-க்கு வந்தது. ஒரு வாரம் கழித்து மக்களவைத் தேர்தல் தேதி அறிவித்தார்கள். தேர்தல் முடிந்து அடுத்த வருடம் ஏப்ரலில் 50 ரூபாய் திரும்ப ஏறியது. இதற்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான். வருடத்துக்கு ஆறு மானியச் சிலிண்டர் என்று 2012 செப்டம்பரில் கட்டு போட்டார்கள், பிறகு ஒன்பது ஆக்கினார்கள், 2014 தேர்தலுக்குச் சில மாதம் இருக்கும்போது பன்னிரண்டு ஆக்கினார்கள்.

கோவை வரிதாரர்

அக்கா, அந்த ஆறு சிலிண்டர் கட்டும் டீசலுக்கு 5 ரூபாய் ஏற்றமும் சேர்ந்து வந்தபோதுதான் மம்தா பானர்ஜி மத்திய அரசை விட்டு வெளியேறினார், நினைவிருக்கிறதா? சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடும் ஒரு காரணம். எரிபொருள் விலை ஒரு கூட்டணியையே உடைத்தது. அப்படி இருக்கும்போது எந்த அரசு துணிந்து விலை ஏற்றும்? பயப்படுவது இயல்பு.

வாத்தியார் ஐயா, பத்திரக் கணக்கைத் திரும்பப் போய்ப் பார்த்தேன். நீங்கள் சொல்வது சரி. வரி அளவுக்கு அது காரணம் ஆகாது, ஒப்புக்கொள்கிறேன்.

அவிநாசி உழவர் மகள்

நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். "விதி வேண்டும், அரசியல் கூடாது" என்று கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயம் வருகிறது.

எங்கள் ஊரிலிருந்து பெருமாநல்லூர் கிட்டத்தில்தான். மின்கட்டணத்துக்காக 1970 ஜூன் 19-ல் அங்கே போராடிய விவசாயிகள் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். சண்டை யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில். 1972-ல் கோவை நகரத்துக்குள் மாட்டு வண்டிகளைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அந்தப் போராட்டங்களை நடத்திய விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு பெயரைச் சொன்னால் எங்கள் தாத்தா எழுந்து உட்காருவார். 1989-ல் வந்த கருணாநிதி அரசு பம்புசெட்டுக்கு எல்லாருக்கும் மின்சாரம் இலவசம் என்று ஆக்கியதற்குப் பின்னால் இருபது வருடப் போராட்டம் இருக்கிறது. எந்தச் சூத்திரமும் அதைக் கொடுக்கவில்லை.

2003-ல் ஜெயலலிதா அரசு அதற்குக் கட்டணம் கொண்டுவந்தது. அடுத்த வருடம் மக்களவைத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதியிலும் அந்த அணி தோற்றது. முடிவு வந்து ஒரு வாரம் ஆவதற்குள் இலவச மின்சாரம் திரும்பி வந்துவிட்டது. அந்த வருடம் எங்கள் ஊர் விவசாயிக்கு ஓட்டைத் தவிர வேறு என்ன கருவி இருந்தது? தேர்தலுக்குப் பயப்படாத அரசு எங்களை எதற்குக் கேட்கப் போகிறது?

அதே சமயம் எங்கள் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். இலவசம் என்பது இணைப்பு இருப்பவனுக்கு. நாங்கள் 2007-ல் விண்ணப்பம் போட்டோம். வரிசை நகரவே இல்லை. பதினைந்து வருடம் அப்பா ஆயில் இன்ஜின் வைத்துத்தான் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்தார். டிவிஎஸ் வண்டியில் இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு பங்க்குக்குப் போவார். பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் சத்தமில்லாமல் ஓடும், எங்கள் தோட்டத்தில் இன்ஜின் புகை. கடைசியில் 2021 செப்டம்பரில் ஒரு லட்சம் புதிய இணைப்பு என்று அறிவித்தார்களே, அதில்தான் அடுத்த வருடம் எங்களுக்கு வந்தது. இன்ஜினை அப்பா விற்கவில்லை. எண்ணெய் போட்டுச் சாக்கு போர்த்தி வைத்திருக்கிறார்.

அதனால் லாரிக்கார அண்ணா, டீசல் விலை ஏறின நாட்களில் நீங்கள் பட்ட பாட்டை எங்கள் வீடும் பட்டிருக்கிறது. இருந்தாலும் அரசியலை விலையிலிருந்து எடுத்துவிடு என்று என்னால் சொல்ல முடியாது.

நாமக்கல் லாரிக்காரன்

தங்கச்சி, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். தோப்பூர் கணவாயில் இரண்டு மணி நேரம் டிராபிக்கில் நின்றேன், அப்போதும் இதுதான் ஓடியது.

இலவச மின்சாரம் ஒரு முடிவு. சட்டமன்றத்தில் சொன்னார்கள், பட்ஜெட்டில் இருக்கிறது, யார் கொடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்று ஊருக்கே தெரியும். எடுத்தவரை ஊர் தோற்கடித்தது. அது சரி, அப்படித்தான் இருக்க வேண்டும். டீசலில் நான் யாரைக் கேட்பேன்? அரசைக் கேட்டால் கம்பெனி முடிவு செய்கிறது என்கிறார்கள். கம்பெனியைக் கேட்டால் சந்தை விலை என்கிறார்கள். டீசலை 2014 அக்டோபரிலேயே சந்தையிடம் விட்டாயிற்று, அரசுக்கு இதில் வேலை இல்லை என்பதுதான் காகிதத்தில் இருக்கிறது. ஆனால் சென்னையில் டீசல் 94.24 என்ற எண் 2022 மே கடைசியிலிருந்து 2024 மார்ச் நடுவரை அப்படியே நின்றது. கிட்டத்தட்ட இருபத்திரண்டு மாதம் நிற்கிற சந்தை விலையை நான் எந்தச் சந்தையிலும் பார்த்ததில்லை. பூண்டு காலையில் ஒரு விலை, மதியம் ஒரு விலை.

தேர்தலுக்குப் பயந்து அரசு விலையைக் குறைக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. குறைத்தது நாங்கள்தான், நாளைக்கு ஏற்றப்போவதும் நாங்கள்தான் என்று கையெழுத்துப் போட்டுச் செய்யட்டும். கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டும்.

வரிதாரர் அண்ணா, மலிவு டீசல் கிடைத்ததே என்று கேட்டீர்கள். கிடைத்தது, மறுக்கவில்லை. ஆனால் டீசல் நிற்கும்போது வாடகையை யாரும் ஏற்றிக் கொடுப்பதில்லை. திடீரென்று ஓடும்போது வாடகை பின்னாலேயே ஓடி வருவதும் இல்லை. பெரிய கம்பெனிகள் ஒப்பந்தத்தில் டீசலுக்கென்று ஒரு வரி போட்டுக்கொள்வார்கள். எனக்கு வாய்ப்பேச்சுத்தான்.

பங்க் கணக்குப்பிள்ளை

அந்த இருபத்திரண்டு மாதத்துக்கு என்னிடம் ஒரு விளக்கம் உண்டு. முதல் பாதியில் கம்பெனிகள் நஷ்டத்துக்கு விற்றன. 2022 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் ஹிந்துஸ்தான் பெட்ரோலியம் (ஹெச்பிசிஎல்) மட்டும் பத்தாயிரம் கோடிக்கு மேல் நஷ்டம் காட்டியது. அப்புறம் கச்சா எண்ணெய் இறங்கியது, ரஷ்ய எண்ணெயும் தள்ளுபடியில் நிறைய வந்தது. ஆனால் விலையை இறக்கவில்லை, பழைய நஷ்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 2023–24-ல் மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் சேர்ந்து எண்பதாயிரம் கோடி அளவு லாபம் காட்டின. 2024 மார்ச் 15-ல் 2 ரூபாய் குறைந்தது. மறுநாள் தேர்தல் தேதி அறிவிப்பு.

விலை ஏறாத நாட்களில் நாம் கொடுக்காமல் விட்டதை, இறங்காத நாட்களில் வாங்கிக்கொண்டார்கள். ஆக, சலுகை மாதிரி தெரிந்தது கடன்தான்.

பருத்தித்துறைக் கடலோடி

வணக்கம். நான் இலங்கை, வடமராட்சி. இந்த இழையைத் தொடக்கத்தில் இருந்து வாசிக்கிறேன். எங்கட நாட்டில் நடந்ததையும் சொன்னால் உங்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்கிற விதி எங்களிடம் இருந்தது. 2018 மே மாதம் மங்கள சமரவீர நிதியமைச்சராக இருந்தபோது விலைச் சூத்திரம் கொண்டு வந்தார். உலக விலையைப் பார்த்து மாதம் ஒருக்கால் மாற்றுவது. சனம் திட்டினது, எதிர்க்கட்சி மேடைக்கு மேடை கிண்டல் அடித்தது. 2019 கடைசியில் ஆட்சி மாறியது, சூத்திரமும் போனது. விலை அப்படியே நின்றது. 2021 ஜூனில் எரிசக்தி அமைச்சர் உதய கம்மன்பில பெற்றோலை 137-லிருந்து 157 ரூபாய் ஆக்கினார். எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டு வந்தது. அதைவிடப் பெரிய விஷயம், ஆளுங்கட்சியின் பொதுச்செயலாளரே அவர் பதவி விலக வேண்டும் என்று அறிக்கை விட்டார். இருபது ரூபாய்க்கு அந்தப் பாடு. அதற்கு ஒரு வருடம் கழித்து, 2022 ஜூன் 26-ல், அதே பெற்றோல் 470 ரூபாய். காசு இருந்தாலும் எண்ணெய் இல்லை. ஏப்ரலில் றம்புக்கணையில் விலை ஏற்றத்துக்கு எதிராக மறியல் செய்தவர்கள் மீது பொலிஸ் சுட்டு ஒருவர் செத்தார். ஜூலை 9-ல் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போனதை உலகமே பார்த்தது.

எங்கட பாடு மண்ணெண்ணெய். கரையோரப் படகுகளின் வெளி இயந்திரம் அதில்தான் ஓடும். ஏழைகளின் எரிபொருள் என்று அதன் விலையை அரசாங்கம் மலிவாக வைத்திருந்தது. 87 ரூபாய். 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் 340. கடலுக்கு ஒருக்கால் போய்வர முப்பது லீற்றர் வேணும். 2,610 ரூபாய்க்குப் போன தொழில் 10,200 ரூபாய்க்குப் போனது. மீன் நாலு மடங்கு படுமா? அப்பா படகைக் கரையில் ஏற்றிக் கிடுகு போட்டு மூடினார். இரண்டு மாதம் வலையைப் பொத்திக்கொண்டு இருந்தார், கிழியாத இடத்தையும் பொத்தினார்.

அக்கா அவிநாசியில் இருந்து சொன்னது எனக்கு நல்லாய் விளங்குகிறது. மலிவு விலை எங்களுக்கும் தேவையாக இருந்தது. ஆனால் அதற்குரிய காசு எங்கிருந்து வருகுது என்று பல வருடமாக ஒருவரும் சொல்லேல்லை. சொல்லாமலே கொடுத்தார்கள், சொல்லாமலே எடுத்தார்கள்.

அவிநாசி உழவர் மகள்

தம்பி, கிழியாத இடத்தையும் பொத்தினார் என்ற வரியில் நின்றுவிட்டேன். அப்பா இப்போது கடலுக்குப் போகிறாரா?

பருத்தித்துறைக் கடலோடி

போகிறார் அக்கா. முந்தி மாதிரி தினமும் இல்லை. வாரத்துக்கு மூன்று நாள், இன்னொரு குடும்பத்தோடு பங்குக்கு. எண்ணெய்ச் செலவு இரண்டாகப் பிரியும். இப்போது விலை மாதம் ஒருக்கால் மாறுகிறது. மாதக் கடைசி இரவு எல்லாரும் செய்தி பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

ஓய்வு பெற்ற பொருளியல் வாத்தியார்

இந்தப் பதிலுக்குப் பிறகு நான் சொல்லவேண்டியது கொஞ்சம்தான்.

எதிர்க்கட்சியாக இருந்தால் விலை ஏற்றத்துக்கு எதிராக வண்டி கட்டுவதும், ஆளுங்கட்சியானதும் வரியைப் பிடித்துக்கொள்வதும் இங்கே ஐம்பது வருடப் பழக்கம். 1973-ல் பெட்ரோல் விலை ஏற்றத்தை எதிர்த்து வாஜ்பாயி மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் போனார். அவர் பிரதமராக இருந்த 2002 ஏப்ரலில்தான் அரசு நிர்ணய விலை முறை காகிதத்தில் முடிவுக்கு வந்தது. அது இரண்டு வருடம்கூட நிற்கவில்லை, விலை மறுபடி அரசின் கைக்கே போனது. பெட்ரோலை 2010 ஜூனில் மன்மோகன் சிங் அரசு விடுவித்தது. டீசலை 2014-ல் மோடி அரசு. மூன்று முறை விடுதலை அறிவித்தும் கயிறு அவிழவில்லை.

ஆகையால் விலைக்கு விதி போட்டால் தேர்தல் நேரத்தில் மீறுவார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, வரிக்கு விதி கேட்பது நடைமுறைக்கு ஒத்துவரும் என்று எனக்குத் தோன்றுகிறது. கச்சா எண்ணெய் இத்தனை டாலருக்கு மேல் போனால் கலால் இத்தனை ரூபாய் இறங்கும், அதற்குக் கீழே வந்தால் இத்தனை ஏறும் என்று நிதிச் சட்டத்திலேயே ஒரு அட்டவணை. மாநில வாட் வரிக்கும் அதே மாதிரி. செஸ் என்ற பெயரில் வாங்குவதற்கு ஒரு உச்சவரம்பு. ஜிஎஸ்டியில் சேர்த்தால் தீரும் என்பார்கள். கேரள உயர் நீதிமன்றம் சொன்னதால் 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சிலில் அதைப் பேசினார்கள், இது நேரமல்ல என்று வைத்துவிட்டார்கள். மத்திய அரசும் சரி, மாநிலங்களும் சரி, கட்சி வித்தியாசம் இல்லாமல் இந்த ஒன்றில் ஒற்றுமை.

மானியம் வேறு விஷயம். பம்புசெட்டுக்கோ படகுக்கோ கொடுப்பதை அவையில் வைத்து, தொகை சொல்லிக் கொடுக்கலாம். அதை எந்த விதியும் தடுக்க வேண்டியதில்லை.

கோவை வரிதாரர்

அட்டவணை யோசனைக்கு என் ஓட்டு உண்டு ஐயா. ஆனால் உலக விலை இறங்கும்போது வரி ஏறும் என்பதை மக்கள் ஏற்பார்களா என்று சந்தேகம் இருக்கிறது.

மதுரை இட்லிக்கடை அக்கா

முன்னாலேயே சொன்னால் ஏற்பார்கள். என் கடையில் மாவு விலை ஏறினால் ஒரு வாரம் முன்னால் பலகையில் எழுதிப் போடுவேன். அப்படிச் செய்த நாளில் யாரும் சண்டை போட்டதில்லை. சொல்லாமல் ஏற்றின நாளில்தான் பாதி இலையில் எழுந்து போனார்கள்.

நாமக்கல் லாரிக்காரன்

எல்லாருக்கும் நன்றி. ஒரு சின்ன செய்தி சொல்லிவிட்டு வண்டி எடுக்கிறேன்.

இந்த இழையில் பேசினதை ஆத்தூர் மில் முதலாளியிடம் போன வாரம் சொன்னேன். அவரும் மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவர டீசல் செலவழிக்கிறவர்தான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வாடகைச் சீட்டின் பின்பக்கம் கையால் எழுதிக் கொடுத்தார்: லோடு ஏற்றின நாள் விலையிலிருந்து டீசல் மூன்று ரூபாய்க்கு மேல் ஏறினால் வித்தியாசத்தில் பாதி மில் கணக்கு, மூன்று ரூபாய்க்கு மேல் இறங்கினால் பாதியை நான் கழித்துக் கொடுக்க வேண்டும். அன்றைய பங்க் பில்லையும் சீட்டோடு பின் அடித்துவிட்டோம்.

புக்கிங் ஆபீஸில் அதைக் காட்டினேன். மற்ற இரண்டு ஒற்றை வண்டிக்காரர்களும் அந்த வாசகத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பங்க் கணக்குப்பிள்ளை தம்பி, பில்லில் தேதியும் விலையும் மங்காமல் இருக்க ஏதாவது வழி இருந்தால் சொல்லு. அந்தத் தாள் இந்தூர் வெயிலில் நாலு நாளில் வெளுத்துவிடுகிறது.